பெயர் கூவப்படாத குடம்

நாலாக்கரையில் ஓர் ஆண்மகன் முழு ஆளாக எண்ணப்பட வேண்டுமானால் மீசை போதாது, மாதச் சம்பளம் போதாது, வாக்காளர் அட்டையும் போதாது. அவன் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டியிருக்க வேண்டும். கட்டியவன் தலைக்கட்டு. கட்டாதவன், தலை நரைத்துப் பல் உதிர்ந்தாலும், பிறர் அடுப்பில் உண்பவன். இந்த விதியை வகுத்தவர் யார் என்று கேட்டால் அங்கே எவருக்கும் விடை தெரியாது. விடை தெரியாத விதிகளைத்தான் மனிதர்கள் விடாப்பிடியாகக் காக்கிறார்கள்.

நாலாக்கரை என்பது தில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு காலத்தில் ஓடையாக இருந்து பின்னர்ச் சாக்கடையாகிப்போன நாலாவின் ஓரத்தில் எழுந்த குடிசைப்பகுதி; அங்குள்ளோர் பேச்சில் 'கேம்பு'. உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். பெண்கள் அரசு ஊழியர் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கினார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கும் சுமை தூக்கவும் போனார்கள். காய்கறிக்காரனோடு இந்தியில் சண்டையிடுவார்கள். மாரியாத்தாவோடு மட்டும் தமிழில் பேசுவார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆத்தாவுக்குக் கூழ் வார்ப்பார்கள். ஒவ்வொரு தலைக்கட்டும் ஒரு குடம் கூழ் காய்ச்சி எடுத்துவந்து, கோயில் வாசலில் வைத்திருக்கும் பெரிய அண்டாவில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது ஊர்த்தலைவர் பெரியண்ணன் அந்த வீட்டு ஆணின் பெயரைச் சொல்லி, "இன்னார் வூட்டுக் கூழு, ஆத்தா!" என்று கூவுவார். கூடியிருப்போர், "ஆத்தா!" என்று எதிரொலிப்பார்கள்.

அங்கே குடியிருந்த வடிவின் கணவர் தர்மன் மஞ்சள்காமாலையில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இரக்கத்தின்பேரில் அவர் பெயரையே கூவிக்கொண்டிருந்தார்கள். தில்லியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்குவதற்கு முந்தைய ஆடியில் அந்த இரக்கம் தீர்ந்துபோயிற்று. செத்தவர் பெயரைச் சாமிமுன் கூவலாகாது என்று கூட்டத்தில் எவரோ சொல்ல, ஏனையோர் தலையாட்டினார்கள். பெரியண்ணன் வடிவின் குடிசைக்கு வந்து செய்தியைச் சொன்னார்.

"உம் மவனுக்கு ஒரு முடிச்சப் போட்டுடு தங்கச்சி. அவம் பேரக் கூவிட்டுப் போறன். எனக்கு இன்னா வலி?"

மகன் தீனாவுக்கு வயது முப்பத்தொன்று. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம், வடகம், காப்பித்தூள் முதலிய தென்னாட்டுச் சரக்குகளை விற்கும் மளிகைக்கடையில் எடைபோட்டுக் கட்டிக் கொடுப்பவன். முனிர்காவில், எருமை கட்டிய முற்றத்துக்கு மேலே, மாடியறை ஒன்றில் கலியன் என்பவனோடு தங்கியிருந்தான். கலியன் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி, திண்டிவனத்துக்காரன், தீனாவைவிட இரண்டு வயது மூத்தவன். இருவரும் ஆறாண்டுகளாக ஒரே அடுப்பில் சமைத்து உண்டார்கள். ஒரே பாயில் உறங்கினார்கள். ஓர் ஆணும் பெண்ணும் அறை கேட்டு வந்தால் தில்லி வீட்டுக்காரன் கல்யாணம் ஆயிற்றா என்று துருவுவான். இரண்டு ஆண்கள் வந்தால் முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவான். ஊரின் இந்தக் கண்மூடித்தனந்தான் அவர்களுக்குக் கூரையாக இருந்தது.

ஆனால் கூரைக்குள் இருப்பவன் தன்னை என்னவென்று அழைத்துக்கொள்வது? தீனாவுக்கு அது விளங்கவில்லை. தன்னைப் போன்றவர்களைக் குறிக்க அவன் அறிந்திருந்த தமிழ்ச்சொற்களும் இந்திச்சொற்களும் வசைச்சொற்களே. ஒரு மனிதனுக்குத் தன்னைச் சுட்டிக்கொள்ள வசையைத் தவிர வேறு சொல்லைக் கொடுக்காத ஊர், அவன் ஏன் வாய்திறந்து பேசுவதில்லை என்று கேட்க உரிமையில்லாத ஊர்.

வடிவு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். பெயர் மஞ்சு, திரிலோக்புரியில் இருந்தாள், பத்தாவது படித்தவள், தையற்கடையில் வேலை. அடுத்த ஞாயிறு பெண்பார்க்கப் போக வேண்டும் என்று சொல்வதற்காக மகனை வரச்சொன்னாள். அவன் வந்தபோது முறத்தில் கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல சட்டையாப் போட்டுக்கினு வா. அந்தக் கலியனையும் கூட்டியா. தொணைக்கு ஒரு ஆம்பள இருந்தா எடுப்பா இருக்கும்" என்றாள்.

அந்தப் பெண் புடவைத்தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு காப்பித்தட்டோடு வந்து நிற்பதும், தான் நல்ல சட்டையோடு அமர்ந்திருப்பதும், அருகில் கலியன் துணைக்கு ஆம்பளையாக அமர்ந்திருப்பதும் தீனாவின் கண்முன் வந்தன. அதைப் பொறுக்க முடியவில்லை.

"எனக்குப் பொண்ணு வாணாம்மா."

"இவ வாணாமா? வேற பாக்கலாம்."

"எவளும் வாணாம். எனக்குப் பொண்ணுங்கமேல மனசு போவறதில்ல. சின்ன வயசுலேருந்தே இல்ல. கலியன் எனக்குத் தொணைக்கு இருக்கறவன் இல்ல. நானும் அவனும் குடும்பமா இருக்கறம்."

வடிவின் விரல் முறத்தில் நின்றுவிட்டது. மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் அடிக்குக் காத்திருந்தான், ஒப்பாரிக்குக் காத்திருந்தான். இரண்டும் வரவில்லை. அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பரவிற்று. தொலைந்த பொருள் எங்கே இருந்தது என்று கண்டுகொண்டவளின் தெளிவு அது.

"அடப் பாவி, இத ஏண்டா இம்மா நாளா மனசுல வச்சிக்கினு புழுங்கன? நாம கூத்தாண்டவர் மண்ணுல பொறந்தவங்கடா. எனக்குத் தெரியாதா இது?"

தவறு இங்கேதான் நிகழ்ந்தது, நிகழ்ந்ததும் நியாயமே. வடிவு பிறந்த ஊர் கூவாகத்துக்குப் பக்கத்து ஊர். சித்திரை மாதத்தில் அங்கே கூத்தாண்டவர் கோயிலில் அரவாணிகள் ஆயிரக்கணக்கில் கூடி, சாமிக்கு மனைவியராகித் தாலி கட்டிக்கொள்வதையும், மறுநாள் தாலியறுத்து அழுவதையும் குழந்தைப்பருவத்திலிருந்தே பார்த்து வளர்ந்தவள். படித்த ஊர்கள் பார்க்கக் கூசும் ஒன்றுக்கு அவள் ஊர் சாமியின் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தது. ஆகவே, பெண்ணை விரும்பாத ஆண் என்று மகன் சொன்னதும், அவள் மனம் அவனை எடுத்து, ஏற்கெனவே இருந்த அந்த ஒரே இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டது.

தீனா மறுக்க வாயெடுத்தான். ஆனால் தாய் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தந்தை இறந்த அன்றுகூட அவள் அப்படித் தடவியதில்லை. எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

வடிவுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாளே பெரியண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவரும் அந்தச் சீமைக்காரர்தாம். அவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது வேறொன்று. கூழ் வார்க்கும் நாளில் வேப்பிலை சுற்றிய கரகத்தைத் தலையில் ஏந்தி, குழாயடியிலிருந்து கோயில்வரை ஆடிவர ஓர் ஆள் வேண்டும். ஆண்டுதோறும் வெளியிலிருந்து ஆளை அழைத்துவந்து, அவர் நேரத்துக்கு வரமாட்டாரோ என்று தவித்துக்கொண்டிருந்த பெரியண்ணனுக்கு இது வானத்திலிருந்து விழுந்த வரம்.

"ஆத்தாவே நம்ம கேம்புக்கு ஒரு ஆளக் குடுத்துட்டா!" என்று தீனாவின் தோளில் கைபோட்டார். "கேலி பண்றவன் எவனா இருந்தாலும் எங்கிட்ட அனுப்பு. பொடவ கட்டி, பூ வச்சி, கரகம் தூக்கிக்கினு நீ வா. ஒட்டுமொத்த கேம்பும் உங் கால்ல வுழும். தலைக்கட்டெல்லாம் ஒனக்கு எதுக்குடா? அதுக்கும் மேல நீ!"

அடுத்த சில நாள்கள் தீனாவின் வாழ்நாளில் அவன் கண்டிராத நாள்கள். 'எப்பக் கல்யாணம், எப்பக் கல்யாணம்' என்று அவனைக் கொத்திக்கொண்டிருந்த வாய்கள் மூடிக்கொண்டன. கிழவிகள் அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். தாய் தன் முதலாளியம்மா தீபாவளிக்குக் கொடுத்திருந்த மஞ்சள் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டாள். ஒரு சொல், ஒரேயொரு 'இல்லை', வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இத்தனை அன்பும் அவனுக்கே. ஒரு நாள் புடவைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆண்டுக்கு ஒரு நாள். மற்ற நாள்களில் அவன் அவனாகவே இருக்கலாம்.

இதைக் கலியனிடம் சொன்னபோது அவன் பூசுகரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"நீயா? கரகமா? பஸ்ல நின்னுக்கினு வரத் தெரியாதவன், தலையில கரகத்த நிறுத்தப் போறானாம்! ஆத்தா பாவம்டா!"

"சிரிக்காத. அம்மா சந்தோஷமா இருக்குது."

சிரிப்பு நின்றது.

"உன்னப் பாத்தா அவங்க சந்தோஷம்? பொடவையப் பாத்துல்ல?" என்றான் கலியன். "சரி, நீ சாமிக்கு வாக்கப்பட்டவ ஆயிட்ட. நான் யாரு? ஆத்தா வூட்டு வாட்ச்மேனா? டேய், நான் ஒரு ஆம்பளையோடதான் இருக்கறன். எனக்கு அந்த ஆம்பளதான் வேணும். அவன நீ ஒரு நாளைக்கு ஒளிச்சி வச்சாலும், அந்த ஒரு நாளு நான் யாரும் இல்லாதவன்."

"நான் இல்லன்னா சொல்றன்? ஊருக்குப் புரியாது கலியா."

"புரியாதுன்னா புரியாமலே கெடக்கட்டும். தப்பாப் புரிஞ்சிக்கினு கன்னத்தக் கிள்றதுக்கு, புரியாம மொறைக்கறதே மேல்."

அன்று கலியன் தனியாக உண்டான். ஆறாண்டுகளில் அவர்கள் தனித்தனியாக உண்டது அதுவே முதல் முறை.

கூழ் வார்ப்புக்கு முந்தைய ஞாயிறு. மகனுக்குப் புடவை கட்டவும் கரகம் ஏந்தவும் பழக்க வேண்டுமென்று வடிவு கோட்லாவிலிருந்து லீலாவதியை அழைத்துவந்திருந்தாள். லீலாவதி விருத்தாசலத்தில் பிறந்த அரவாணி. தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளாகியும் தமிழில் ஒரு சொல்கூட மறக்காதவள். கதவுப்பக்கம் முதுகைக் காட்டி அமர்ந்து, வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு, மஞ்சள் புடவையைப் பிரித்தாள். தீனாவை நிற்கவைத்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். மரக்கட்டைபோல நின்றான். இரண்டாவது சுற்றில் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடா, தூக்குல போடக் கொண்டுபோற மாதிரி நிக்கற? இதுக்கு முன்ன எப்பயாவது கட்டியிருக்கியா? அக்கா பொடவ, ஆத்தா பொடவ, கதவச் சாத்திக்கினு?"

"இல்ல."

"ஆசையாவது பட்டிருக்கியா? கண்ணாடியப் பாக்கறப்ப, சீ இது நான் இல்லன்னு தோணியிருக்கா?"

தீனா உண்மையையே சொன்னான். "இல்லக்கா. நான் நானாத்தான் இருக்கறன். எனக்குப் புடிச்சவன் ஆம்பள. அம்மாந்தான்."

லீலாவதி கையிலிருந்த மடிப்பை அப்படியே நழுவவிட்டாள். புடவை தரையில் விழுந்தது.

"வடிவக்கா! உன் புள்ளைக்குப் பொடவ கட்டறது எருமைக்குக் கொலுசு போடற கதை. இவன் எங்காளு இல்ல. அசல் ஆம்பள."

"ஆம்பளைன்னா பொண்ண வாணாங்கறானே!"

"வாணாம்னா வாணாம். மீனு திங்காதவன்லாம் பாப்பானா? இவன் ஆம்பள, இவனுக்கு ஒரு ஆம்பளையப் புடிக்கிது. எங்கூட்டுக்கு வர்றவனுங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான். பொண்டாட்டி புள்ளைய வச்சிக்கினு திருட்டு முழி முழிப்பானுங்க. இவனாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கான்." பிறகு தீனாவை நோக்கித் திரும்பினாள். குரலில் சினம் ஏறியிருந்தது. "ஏண்டா, உனக்கு வெக்கமா இல்ல? நான் இந்தப் பொடவையக் கட்டணும்னு வூட்ட வுட்டன், பெத்தவள வுட்டன், ஒடம்ப அறுத்துக்கினன். நீ ஊர ஏமாத்தறதுக்கு ஒரு நாளு கட்டிக்கறங்கற. உனக்கு மடிப்பெடுக்க நான் ஆளு இல்ல. அக்கா, பஸ்ஸுக்குக் காசக் குடு, நான் போறன்."

தீனாவுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கும் அடியில், பல நாள்களாக மூச்சடக்கி நின்றவன் தண்ணீருக்குமேல் தலையை நீட்டினாற்போன்ற ஓர் ஆறுதல் இருந்தது. அவனைத் தெரியாத ஒருத்தி, ஐந்தே நிமிடத்தில், வசையேதும் இல்லாமல், அவன் யார் என்று சொல்லிவிட்டாள். அதைச் சொல்ல அவள் புதுச்சொல் எதையும் தேடவில்லை. ஆம்பள, ஒரு ஆம்பளையப் புடிக்கிது. இவ்வளவு எளிய சொற்களை அவன் இத்தனை காலம் ஏன் கூட்டிப் பார்க்கவில்லை?

லீலாவதி போனபின் அவன் புடவையை மடித்துத் தாயின் கையில் கொடுத்தான்.

"நான் கட்டமாட்டம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீ தலையத் தடவன, அதுல மயங்கிட்டன். அந்தக்கா சொன்னதுதான் நெசம்."

முதல்முறை வராத அடி இப்போது வந்தது. கையால் அன்று.

"அப்ப நீ யாருடா?" என்றாள் வடிவு. "பொண்டாட்டி கட்டனவனுக்கு ஒரு பேரு இருக்குது. சாமிக்கு வாக்கப்பட்டவளுக்கு ஒரு பேரு இருக்குது. ரெண்டும் இல்லாதவன நான் ஊருக்கு இன்னான்னு சொல்லுவன்? உங்கப்பன் பேரும் போயி, உம் பேரும் இல்லாம, இந்தக் கேம்புல நான் எப்பிடிடா நடமாடறது? எந்திரிச்சிப் போ."

அவன் எழுந்து போனான். இரண்டாம் முறை உண்மை சொல்வது முதல்முறையைவிடக் கடினம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. முதல்முறை இழப்பதற்கு அச்சம் மட்டுமே இருந்தது; இம்முறை கையில் கிடைத்த அன்பை அல்லவா திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்! ஆயினும் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது தன் உடம்பு இலேசாக இருப்பதை அவன் வியப்போடு கவனித்தான்.

அறைக்கு வந்ததும் கலியனிடம், "கூழு காய்ச்சத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டான்.

"எங்கம்மா காய்ச்சறதப் பாத்திருக்கறன். எதுக்கு?"

"ஆத்தாவுக்கு. நம்ம வூட்டுலேருந்து."

கலியன் எழுந்துபோய்ப் பெரிய குண்டானைக் கழுவினான்.

கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்தார்கள். தில்லியின் ஆடி வெக்கையில் அது பொங்கிப் புளித்து, வாசனை படியிறங்கி எருமைவரை போயிற்று. வீட்டுக்காரியம்மா மேலே வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அரே பையா, எதைச் சாகடித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டாள். பூசைக்கு என்று சொன்னதும், "அச்சா, அச்சா" என்று கைகுவித்துவிட்டு இறங்கினாள். சனிக்கிழமை நொய்யரிசியை வேகவைத்துப் புளித்த மாவை ஊற்றிக் கிளறினார்கள். டைல்ஸ் ஒட்டப் பசை கலக்கும் கை கலியனுடையது. கட்டி விழாமல் கிளறியது. கடையிலிருந்து தீனா ஒரு புதுப் பித்தளைக் குடம் வாங்கிவந்தான். ஞாயிறன்று குடத்தின் கழுத்தில் வேப்பிலை கட்டி, மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் நாலாக்கரைக்குப் போனார்கள்.

கரகத்துக்குப் பெரியண்ணன் கடைசி நேரத்தில் பழைய ஆளையே ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கோபம் அவர் முகத்தில் இன்னும் வடியவில்லை. தலைக்கட்டுகள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். தீனாவும் கலியனும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், தமக்குள் பேசிக்கொண்டார்கள், ஒருவன் தன் பிள்ளையை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டான். வடிவு பெண்களிடையே, குடமில்லாமல், வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள். மகனைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் பார்த்தாள்.

அவர்கள் முறை வந்தது. பெரியண்ணன் அண்டாவின் வாயை மறித்துக் கையை நீட்டினார்.

"இது எந்தத் தலைக்கட்டு?"

"என்னுது மாமா. நானும் கலியனும்."

கூட்டத்தில் எவனோ, "தாலி யாரு யாருக்குடா கட்டனது? ஜல்தி சொல்லு, பேரக் கூவணும்ல!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

குடத்தின் மறுபக்கத்தைக் கலியன் பிடித்துக்கொண்டான். தீனா சொன்னான்: "யாரும் கட்டல. நான் பொண்ணும் இல்ல, சாமியாடியும் இல்ல. எனக்கு இவனப் புடிச்சிருக்குது, இவனுக்கு என்னப் புடிச்சிருக்குது. ஆறு வருசமா எங்களுக்கு அடுப்பு ஒண்ணு. இது அந்த அடுப்புல காய்ச்சனது."

சிரிப்பு அடங்கிவிட்டது. கேலிக்கு மறுப்புத்தான் தீனி; ஒப்புக்கொண்டவனை என்ன செய்வது என்று கேலிக்குத் தெரியாது.

"இதையெல்லாம் சாமி வாசல்ல பேசறியே, நாக்கு அழுவிடும்டா" என்றார் பெரியண்ணன். "ஆத்தா இதுக்கு ஒத்துக்கமாட்டா. எடுத்துக்கினு போ."

ஆத்தாவின் சம்மதத்தை ஆத்தாவைக் கேளாமலே அறிந்துவைத்திருக்கும் தலைவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தீனா நகரவில்லை. போக வேண்டுமென்றும் தோன்றவில்லை; சண்டையிட வேண்டுமென்றும் தோன்றவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அவன் குடத்தோடு அப்படியே நின்றான்.

"அண்ணே."

பெண்கள் பக்கமிருந்து வந்த குரல் வடிவுடையது. ஒரு வாரமாக மகனோடு பேசாதவள், இப்போதும் அவனைப் பார்க்காமல் பெரியண்ணனையே பார்த்தாள்.

"ஆத்தாவுக்குன்னு வேப்பில கட்டி வாசலுக்கு வந்த கூழத் திருப்பி அனுப்பறது எந்த ஊரு வழக்கம்? காலராவுல ஊரே வுழுந்தப்ப, தீட்டு வூட்டுக் கூழக்கூட வாங்கி ஊத்தனாங்கன்னு நீதான சொல்லுவ? ஆளப் புடிக்கலன்னா ஆளத் திட்டு. கூழு இன்னா பண்ணுச்சி?"

பெரியண்ணன் தடுமாறினார். கிழவிகள் சிலர், "அதான, ஊத்த வுடு. வந்தது வந்துடுச்சி" என்று முணுமுணுத்தார்கள். எவருக்கும் தீனாவின்மீது பரிவு பிறந்துவிடவில்லை. கூழைத் திருப்பினால் அம்மை வருமென்ற அச்சமே அவர்களைப் பேசவைத்தது. பெரியண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு ஓரடி ஒதுங்கினார்.

இருவரும் குடத்தைச் சாய்த்தார்கள். கூழ் கனத்த ஓசையோடு அண்டாவில் இறங்கிற்று. யாரும் எந்தப் பெயரையும் கூவவில்லை. தீனா அதற்காகக் காத்து நிற்கவும் இல்லை. வெறுங்குடத்தைக் கலியனிடம் கொடுத்துவிட்டு வரிசையிலிருந்து விலகினான்.

படையல் முடிந்து, பரிமாறத் தொடங்கிய சந்தடியில், பெரியண்ணன் அவனைத் தனியே பிடித்தார். கோபத்தைவிட வருத்தமே அவர் பேச்சில் மிகுந்திருந்தது.

"கெடுத்துக்கினியேடா! அந்தப் பொடவையக் கட்டியிருந்தன்னா இந்நேரம் ஊரே உங் கால்ல வுழுந்திருக்கும்."

"வுழுந்து எழுந்து அவங்கவங்க வூட்டுக்குப் போயிருப்பாங்க மாமா. நான் பொடவைய அவுத்துட்டு எங்க வூட்டுக்குப் போவணுமே. அங்க எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவன்?"

பெரியண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கரகக்காரருக்குச் சோறு போட்டார்களா என்று பார்க்கப் போனார்.

வடிவு அருகில் வந்தாள். வந்தவள் மகனை விட்டுவிட்டுக் கலியனின் கையிலிருந்த குடத்தை வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

"நொய்ய வேவவே வுடல" என்றாள் கலியனிடம். "பச்ச வாடை அடிக்குது. யாரு கெளறனது?"

"நாந்தாம்மா."

"இன்னும் செத்த நேரம் கெளறணும்." அவ்வளவுதான் சொன்னாள். எதையும் மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை, புரிந்துகொண்டதாகவும் சொல்லவில்லை. குடத்தைக் கழுவக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

கூழ் வாங்கும் வரிசை நீண்டிருந்தது. பலர் வீட்டுக் கூழும் ஒன்றாய்க் கலந்த அண்டாவில் எது எவருடையது என்று இனிப் பிரிக்க இயலாது. கலியனின் பச்சை வாடையும் அதற்குள் கரைந்துபோயிற்று. கரண்டி பிடித்திருந்த வீராயி தீனாவைக் கண்டதும் ஒரு கணம் கையை நிறுத்தினாள். பின்பு அரைக்கரண்டி மொண்டு, தூக்கி, அவன் கிண்ணத்தில் படாமல் ஊற்றிவிட்டு, அடுத்தவனைப் பார்த்தாள்.

தீனா நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவன் கிண்ணத்தை இன்னும் சற்று முன்னே நீட்டினான்.

"அரக்கரண்டி எதுக்குக்கா? நானுந்தான் ஒரு கொடம் ஊத்தியிருக்கறன். நெறைய ஊத்து."

வீராயி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவள் கரண்டியை மீண்டும் அண்டாவுக்குள் விட்டு, இம்முறை அடிவரை துழாவி மொண்டாள்.